வயலுக்குத் துவக்கா, சப்பாத்தா?

மனு எழுதித் தருமாறு கேட்டு என்னிடம் வருபவர்கள் இன்றும் இருக்கின்றார்கள். பத்திரிகையில் பெயர் வந்த மனிதன் எழுதினால் கந்தோரில் காரியம் விரைவாக நடக்கும் என்பது எமது ஊர்களின் பழைய நம்பிக்கை. அவ்வாறு நடந்ததாக எனக்கு ஞாபகமில்லை. ஆயினும் வருபவரைத் திருப்பி அனுப்ப மனம் வருவதில்லை.

கடந்த பெரும்போகத்துக்குச் சற்று முன்னர் சாய்ந்தமருதைச் சேர்ந்த ஒரு விவசாயி வந்தார். சம்மாந்துறைக்கும் அப்பால், காட்டோரத்து வட்டை ஒன்றில் அவருக்குச் சில ஏக்கர் வேளாண்மை. "காக்கா, பண்டி வட்டையெல்லாம் கிண்டிப் போட்டுட்டு. துவக்கொண்டு எடுக்கணும். கச்சேரிக்குக் கடிதமொண்டு எழுதித் தாங்க" என்றார். எழுதத் தொடங்கினேன். தற்செயலாக அவரது கால்களில் என் பார்வை விழுந்தது. குதிகால் வெடித்து, வெடிப்புக்குள் சேறு கறுத்துப் படிந்திருந்தது. பெருவிரலுக்கு அருகே ஆறாத வெட்டுக்காயம் ஒன்று.

"தம்பி, வயலுக்குப் போகும்போது காலுக்கு என்ன போடுறீங்க?" என்று கேட்டேன்.

"வயலுக்கு ஆரும் சப்பாத்துப் போடுவாங்களா காக்கா?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புத்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது. துவக்குக்காக மாதக் கணக்கில் அலையவும் பெருந்தொகை செலவிடவும் ஆயத்தமாக இருக்கும் மனிதருக்கு, அதன் விலையில் மிகச் சிறு பங்குக்குக் கிடைக்கும் றப்பர் சப்பாத்து ஒரு நகைச்சுவையாகத் தோன்றுகின்றது. இரண்டும் வயலுக்குரிய கருவிகளே. இரண்டையும் அளவறிந்து, தேவையறிந்து தெரிவு செய்ய வேண்டும். ஆனால் எதை முதலில் வாங்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் எனது விடை சப்பாத்து என்பதே.

எனினும் துவக்கு கேட்டு வந்தவருக்குத் துவக்கைப் பற்றியே முதலில் சொல்வது முறை.

எமது விவசாயி வயலுக்கு அருகில் வாழ்பவனல்லன். மருதமுனை தொடங்கி நிந்தவூர், அக்கரைப்பற்று வரை கரையோரத்தில் வீடும் வீடும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. வயல்களோ மேற்கே, பல மைல்களுக்கு அப்பால். பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கல்லோயாத் திட்டத்தின் கீழ் சேனாநாயக்க சமுத்திரம் அமைந்த 1950களின் பின்னர் நீர்ப்பாசனம் விரிந்தது, வயல் விரிந்தது, காடு பின்வாங்கியது. காட்டில் இருந்தவை எங்கே போகும்? கதிர் பழுக்கும் காலத்தில் விவசாயி வாடியிலேயே இரவைக் கழிக்க வேண்டியிருப்பதற்கு இதுவே காரணம். கரையில் மனைவி மக்கள், வாடியில் அவன், இடையில் இருட்டு. இந்நிலையில் ஒருவன் துவக்கு வேண்டும் என்று கேட்பதில் பிழையில்லை.

இந்நாட்டில் துவக்கு வைத்திருப்பதை ஆள்வது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். 1915ஆம் ஆண்டுக் கலவரத்துக்கு மறு ஆண்டு வந்த சட்டம் அது. 1996இல் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. அனுமதிப்பத்திரம் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்பட வேண்டும். பயிர்ப் பாதுகாப்புக்கு என்றால் காணி உண்டு என்பதையும் விலங்குத் தொல்லை உண்டு என்பதையும் கிராம உத்தியோகத்தரிலிருந்து பொலிஸ் வரை உறுதிப்படுத்த வேண்டும். இந்தப் பாதை நீளமானது. அதற்காகக் குறுக்குப் பாதையில் இறங்கி, களவாகச் செய்த துவக்கை வாங்குபவர் பன்றிக்குப் பதிலாகத் தம்மையே குறிவைக்கின்றார். அந்தக் குழாய்களில் பல நீர்க்குழாய் இரும்பு. எத்தனையாவது வெடியில் அது கன்னத்தருகே பிளக்கும் என்று செய்தவனுக்கும் தெரியாது.

அனுமதியோடு எடுப்பதென்றால் பெரும்பாலும் 12 போர் துவக்கே. குழலின் உள்விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகள் 12 சேர்ந்தால் ஓர் இறாத்தல் நிறை என்பதால் வந்த பெயர் அது. ஒற்றைக் குழலா இரட்டைக் குழலா என்று கேட்பவர்களுக்கு நான் ஒற்றையைச் சொல்வேன். பாரம் குறைவு, பழுது குறைவு, குண்டு இருக்கின்றதா இல்லையா என்பதை இருட்டிலும் திறந்து உடனே அறியலாம். இரட்டையில் ஒன்றைச் சுட்டுவிட்டு மற்றையது நிரம்பியிருப்பதை மறந்து வரம்பில் சறுக்கியவர்களின் கதைகளை நான் எழுதியிருக்கின்றேன்.

பழைய துவக்கை வாப்பாவிடமிருந்தோ மாமாவிடமிருந்தோ பெயர் மாற்றிப் பெறுபவர்கள் மூன்று விடயங்களைப் பார்க்க வேண்டும். பூட்டிய நிலையில் கையிற் பிடித்துக் குலுக்கினால் குழலும் கட்டையும் ஒன்றோடொன்று ஆடக்கூடாது. குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தால் துரு தின்ற குழிகளோ வெளிப்புறத்து நெளிவின் நிழலோ தெரியக்கூடாது. மூன்றாவது, பலர் அறியாதது. பழைய ஆங்கிலேயத் துவக்குகள் பலவற்றின் தோட்டா அறை 65 மில்லிமீற்றர் நீளமானது. இன்று கிடைக்கும் தோட்டாக்கள் பெரும்பாலும் 70 மில்லிமீற்றர். சுடுவதற்கு முன் அது உள்ளே போய் உட்காரும். சுட்டபின் வாய் விரிய இடமின்றி அமுக்கம் ஏறும். குழலில் பொறித்திருக்கும் அளவை வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் ஒரு வெடியும் வைக்க வேண்டாம்.

துவக்குக்கும் உடல் அளவு உண்டு என்பதை எம்மவர்கள் எண்ணுவதில்லை. பிடங்கின் அடியை முழங்கை மடிப்பில் வைத்துக் கையை நீட்டினால் சுட்டுவிரல் விசையை இலகுவாகத் தொட வேண்டும். எட்டாவிட்டால் பிடங்கு நீளம். மடிந்து நின்றால் குட்டை. நீளமான துவக்கு தோளில் சிக்கும், குட்டையானது மூக்கில் இடிக்கும். இது கரடுமுரடான அளவுதான். ஆனாலும் எதுவும் பாராமல் எடுப்பதிலும் மேல்.

சுடுவதைப் பற்றி ஒன்றே ஒன்று. பற்றை அசைந்தால் சுடக்கூடாது. ரோச் வெளிச்சத்தில் விலங்கை முழுதாகக் கண்ட பிறகே விசையில் விரல் போக வேண்டும். பக்கத்து வாடிக்காரனும் அதே இருட்டில் அதே பன்றியைத் தேடி வருகின்றான். யானைக்கு முன்னே இந்தத் துவக்கு ஒரு பொருட்டே அன்று. சன்னம் அதன் தோலுக்குள் புதைந்து சீழ்பிடிக்கும், அவ்வளவுதான். காயம்பட்ட யானை அடுத்த இரவு அடுத்த வட்டைக்கு ஆத்திரத்தோடு வரும். 2023ஆம் ஆண்டில் மாத்திரம் இந்நாட்டில் 450க்கும் அதிகமான யானைகளும் 150க்கும் அதிகமான மனிதர்களும் இந்த மோதலில் மாண்டார்கள். யானைக்கு வனஜீவராசிகள் திணைக்களத்தின் யானை வெடியும், கூட்டாக நிற்கும் மனிதர்களும், வேலியும்தான் வழி. ஒலுவில் பள்ளக்காட்டுப் பக்கம் எமது நகரங்களின் குப்பையைக் கொட்டி யானைகளுக்கு நாமே விருந்து வைத்த கதையை வேறொரு நாள் எழுத வேண்டும்.

துவக்கு கிடைக்காதவர் செய்யும் காரியம் இன்னும் மோசமானது. கட்டுத்துவக்கைச் சொல்கின்றேன். பன்றி வரும் தடத்தில் கம்பி கட்டி, கம்பி இழுபட்டால் தானே வெடிக்கும்படி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து உறங்குவது. சட்டம் இதை முற்றாகத் தடுக்கின்றது. பன்றியின் உயரத்துக்கு வைக்கும் வெடி மனிதனின் முழங்காலுக்குக் கீழேதான் படும். எலும்பு தூளாகி, மண்ணும் துணியும் உள்ளே புகுந்து, காலையே எடுக்க நேரிடுகின்றது. வைத்தவனே மறந்துபோய் மாட்டிய சம்பவங்களும் உண்டு. வேலிக் கம்பிக்குப் பிரதான மின்சாரத்தைக் கொடுப்பவர்களும் இதே ரகம்தான்.

இவற்றையெல்லாம் சொன்ன பிறகும், எமது கரையில் துவக்கு என்பது வேளாண்மைக் கருவி மாத்திரமல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1985ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஊர்காவல் படை வந்தது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட பின்னர், கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் கையில் துவக்கோடு இரவுக் காவலுக்குப் போன வாலிபர்களை நாம் எல்லோரும் அறிவோம். அவர்களில் பலர் இப்போது பேரப்பிள்ளைகள் கண்டுவிட்டார்கள். தூரத்து வட்டைகளுக்குப் போக அஞ்சிக் காணியைக் கைவிட்ட குடும்பங்களும் இருந்தன. பிறகு 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் வெடிச்சத்தம் கேட்டது. சிறுவர்கள் உட்படப் பதினைந்து பேர் மாண்ட அந்த இரவுக்குப் பின்னர், முஸ்லிம் வீடொன்றில் துவக்கு என்ற சொல்லே வேறு அர்த்தம் பெற்றது. அனுமதிப்பத்திரம் உள்ளவரும் அதைப் பற்றிப் பேசத் தயங்கினார். 2024 நவம்பரில் தற்காப்புக்காக வழங்கப்பட்ட துவக்குகளை மீளாய்வுக்கு ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு அறிவித்தபோது, பயிர்ப் பாதுகாப்புத் துவக்கு வைத்திருந்த ஒருவர் "எங்கடதையும் கேப்பாங்களோ காக்கா?" என்று இரவு பத்து மணிக்கு எனக்குத் தொலைபேசி எடுத்தார். இந்தச் சுமையையும் சேர்த்தே துவக்கை வாங்க வேண்டும். சப்பாத்தை வாங்குபவருக்கு அப்படியொரு சுமையில்லை.

இனி காலுக்கு வருவோம். எமது விவசாயியைக் கொல்பவை பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழிருந்தே வருகின்றன.

முதலாவது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீரிலும் மாட்டின் சிறுநீரிலும் கலந்து வயல் நீரில் கிடக்கும் கிருமி, வெடித்த குதிகால் வழியாகவும் ஆறாத வெட்டு வழியாகவும் உடம்புக்குள் போகின்றது. 2008ஆம் ஆண்டில் இந்நாட்டில் 7000க்கும் அதிகமானோர் இந்நோய்ச் சந்தேகத்தின் பேரில் பதிவானார்கள். ஏறத்தாழ 200 பேர் இறந்தார்கள். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் மர்மக் காய்ச்சல் என்று முதலில் பேசப்பட்டுச் சிலரைப் பலிகொண்டதும் இதுவே. வெள்ளம் வடிந்த பின்னர் இது எங்கும் தலைதூக்கும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைதல் ஆகியவை கண்டால் பெனடோலோடு படுத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போய், "நான் வயலில் வேலை செய்பவன்" என்று முதல் வசனமாகச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வசனம் வைத்தியரின் சிந்தனையைத் திருப்பும். விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் வாரம் ஒருமுறை விழுங்கும் டொக்சிசைக்கிளின் மருந்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுப் பெறலாம். எல்லோருக்கும் அது ஒத்துவராது. அவர் விசாரித்தே தருவார்.

இரண்டாவது பாம்பு. 2012, 2013இல் நாடளாவிய ரீதியில் வீடுவீடாக நடந்த கணக்கெடுப்பு ஒன்று, ஓராண்டில் ஏறத்தாழ 80000 பேர் பாம்புக்கடிக்கு இலக்காவதாகவும் 400க்கும் அதிகமானோர் இறப்பதாகவும் மதிப்பிட்டது. வைத்தியசாலைப் பதிவுகள் காட்டுவதைவிட இது மிக அதிகம். கண்ணாடி விரியன் வரம்பிலும் சூட்டடியிலும் கிடக்கும். மிதிக்கும் காலையே கடிக்கும். கெண்டைக்கால் வரை உயர்ந்த தடித்த றப்பர் அதன் பல்லுக்குப் பெரும் தடை. எண்ணெய் விரியனுக்குச் சப்பாத்து பயன்படாது. வாடியில் நிலத்தில் பாய் விரித்து உறங்குபவனை அது வலியே தெரியாமல் கடித்துவிட்டுப் போகும். அதற்குப் பரணும் நுளம்பு வலையும்தான் மருந்து.

"சேத்துல சப்பாத்து இழுபடும் காக்கா" என்பது எல்லோரும் சொல்லும் காரணம். பொய்யன்று. உழுத சேற்றில் தொளதொளத்த கம்பூட்ஸோடு இறங்கினால் கால் மட்டும் மேலே வரும், சப்பாத்து கீழே நிற்கும். பிழை சப்பாத்தில் இல்லை, அளவில். குதிகாலும் கணுக்காலும் தொளதொளப்பாக இருந்தால்தான் சேறு பிடித்து இழுக்கும். யப்பானில் இதே நெல் வயல், இதே சேறு. அங்கே 1920களில் இஷிபாஷி என்ற வணிகர் பெருவிரலைப் பிரித்து றப்பர் அடி வைத்த தபி என்னும் பாதணியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பின்னாளில் பிரிட்ஜ்ஸ்டோன் டயர் நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவரே. நாற்று நடுவதற்கென்றே காலோடு ஒட்டிப் பிடிக்கும் மெல்லிய நீள் றப்பர் சப்பாத்துகளும் அங்கே உண்டு. றப்பர் மரம் வளரும் எமது நாட்டில் எமது வயலுக்கான சப்பாத்து கடையில் இல்லை என்பது எனக்குப் பெரிய வியப்பு.

இருப்பதில் தெரிவு செய்வது எப்படி? கடைக்கு அஸருக்குப் பின்னர் போங்கள். நாள் முழுதும் நின்ற கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும், காலையில் பொருந்தியது மாலையில் கடிக்கும். வயலுக்குப் போடும் அதே காலுறையோடு போட்டுப் பாருங்கள். இரண்டு காலும் ஒரே அளவல்ல, பெரியதற்கே வாங்க வேண்டும். நீண்ட விரலுக்கு முன்னே ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்கட்டும். குதிகால் சற்றே எழலாம், வழுக்கக்கூடாது. குந்தி எழும்புங்கள். குந்தும்போது விளிம்பு முழங்கால் மடிப்பில் வெட்டினால் உயரம் அதிகம். ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே ஓர் அங்குலத்தின் மூன்றிலொரு பங்குதான் வித்தியாசம். ஆகவே அரை எண் என்று கடைக்காரர் சொல்வதை அலட்சியம் செய்ய வேண்டாம்.

எமக்கு வரும் உண்மையான சிக்கல் அகலம். சிறுவயது முதல் வெறுங்காலோடு நடந்த பாதம் முன்பக்கம் விரிந்து வளர்கின்றது. கடையில் இருப்பவையோ ஒடுங்கிய கால்களுக்கு வார்த்தவை. அகலத்துக்காக நீளம் கூடியதை வாங்குகின்றார்கள். பிறகு குதிகால் ஆடுகின்றது, சேறு இழுக்கின்றது, சப்பாத்து வாடியின் மூலையில் எலி குட்டி போடும் இடமாகின்றது. நீளம் கூடியதை வாங்க நேர்ந்தால் உள்ளே தடித்த அடித்தாள் வையுங்கள், கணுக்காலைச் சைக்கிள் டியூப் துண்டால் இறுக்காமல் கட்டுங்கள். அவ்வாறு கட்டிக்கொண்டு ஆழமான வாய்க்காலைக் கடக்க வேண்டாம். நீர் நிரம்பிய சப்பாத்து ஆளையே இழுக்கும். உள்ளே நீர் புகுந்தால் ஊற்றிவிட்டே தொடர வேண்டும். அழுக்கு நீரில் ஊறிய கால் வெறுங்காலைவிடப் பாதுகாப்பானதல்ல. நீரிழிவு உள்ளவர்கள் முதல் வாரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் அணியாமல், கழற்றியவுடன் வெளிச்சத்தில் பாதத்தைப் பார்க்க வேண்டும். உணர்ச்சி குறைந்த கால் கொப்புளத்தைச் சொல்லாது.

இரவில் பழைய பத்திரிகையைக் கசக்கி உள்ளே திணித்தால் ஈரத்தை உறிஞ்சிவிடும். நாற்பது வருடம் எழுதியவற்றுக்கு இதைவிடச் சிறந்த பயன் இருப்பதாக நான் நினைக்கவில்லை. காலையில் அணியுமுன் தலைகீழாகத் தட்ட மறக்க வேண்டாம். தேளும் தவளையும் அங்கேதான் குடியிருக்கும்.

பத்திரிகை என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். யானை தாக்கி ஒருவர் இறந்தால் முதல் பக்கம். கட்டுத்துவக்கு வெடித்தால் மூன்றாம் பக்கம், படத்தோடு. எலிக்காய்ச்சலில் ஒரு குடும்பத்தலைவன் ஆறு நாளில் போய்விட்டால் மரண அறிவித்தல் மாத்திரம். நானும் இப்படித்தான் செய்தி அனுப்பினேன். ஆசிரியபீடம் கேட்டதை அனுப்பினேன் என்று சொல்லித் தப்பிவிடலாம், ஆனால் நானாக ஒரு தடவையும் அதை எழுதி அனுப்பிப் பார்க்கவில்லை. பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டங்களில் எத்தனையோ தடவை குறிப்பேட்டோடு உட்கார்ந்திருக்கின்றேன். நீர் திறக்கும் திகதி, பசளை, யானை வேலி, துவக்கு அனுமதி எல்லாவற்றுக்கும் கூச்சல் எழும். சப்பாத்து என்ற சொல்லை ஒரு விவசாயியோ ஓர் அதிகாரியோ உச்சரித்து நான் கேட்டதில்லை. நானும் எழுந்து கேட்டதில்லை. கமநல சேவை நிலையத்தில் விதைநெல்லும் பசளையும் வாங்க வரும் மனிதருக்கு அதே இடத்தில் அகலமான அளவுகளில் சப்பாத்தும், ஒரு மேசை போட்டு அந்த மருந்தும் கிடைக்கச் செய்வதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. அடுத்த ஆரம்பக் கூட்டத்துக்குப் போகும் வாசகர்கள் இதைக் கேட்டுப் பாருங்கள். பதிலை எனக்கு எழுதுங்கள்.

அந்தத் தம்பிக்குக் கடிதத்தை எழுதிக் கொடுத்தேன். கொடுக்கும்போது கல்முனை பஸாருக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு சோடி சப்பாத்தும் பார்த்தோம். எட்டு அகலம் போதவில்லை, ஒன்பது நீளம். ஒன்பதை வாங்கி அடித்தாள் வைத்தோம். காசை அவரே கொடுத்தார், முகம் மட்டும் சரியில்லை.

சென்ற வாரம் தொலைபேசியில் பேசினார். துவக்கு விண்ணப்பம் பொலிஸ் அறிக்கைக்காகக் காத்திருக்கின்றதாம். சப்பாத்து இடது குதியில் உரசுகின்றதாம். வலது பரவாயில்லையாம். "ரெண்டு காலுறை போட்டுப் பாருங்க தம்பி" என்றேன். "வட்டையில எல்லாரும் என்னைப் பாத்து டொக்டர் வாறார் எண்டு சிரிக்கானுகள் காக்கா" என்றார். சிரிப்பவர்களில் ஒருவர் அளவு கேட்டிருக்கின்றாராம்.